திடுக்கிட்ட பேய்

'பலவீனம்' என்று எழுதி அடிக்கோடு போட்ட பிறகுதான் விமர்சகருக்குக் கை சரளமாக ஓடியது.

'பலம்: இருட்டு, கதவுச் சத்தம். பலவீனம்: பேய். படம் முழுக்க ஒரே தடவைதான் வருகிறது. வந்ததும் கேமராவைப் பார்த்துத் திடுக்கிட்டு ஓடிவிடுகிறது. பயமுறுத்த வேண்டியதே பயந்தால் எப்படி?'

மனைவி தோளுக்கு மேல் எட்டிப் படித்தாள்.

"ஏங்க, அந்தப் பேய் எங்கம்மா."

கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். மாமியார் ஏதோ பழைய படத்தில் தலைகாட்டியவர் என்று சொல்லியிருந்தார்கள். எந்தப் படம் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. பார்த்த பிரதியிலோ பெயர்கள் வரும் பகுதியே அறுந்துபோயிருந்தது.

"மத்தியானம் அம்மாவும் அப்பாவும் முதல் தடவையா நம்ம வீட்டுக்குச் சாப்பிட வர்றாங்க. நீங்க இதை வாசிச்சுக் காட்டுவீங்கன்னு வேற சொல்லிட்டேன்."

"ஏன் சொன்னே?"

"பாராட்டி எழுதுவீங்கன்னு நினைச்சுட்டேன்."

மனைவி சமையலறைக்குப் போனதும் விமர்சகர் பேயைத் தூக்கிப் பலத்தில் போட்டார். 'மனிதனைக் கண்டு பேயே திடுக்கிடுகிறது. அந்த ஒரு பார்வை மனித குலத்தின் மீதே ஒரு தீர்ப்பு.' எழுதி முடித்ததும் அவருக்கே அது உண்மை போலப் பட்டது. காலியான பலவீனத்தில் ஒளிப்பதிவை உட்கார வைத்தார்: 'கேமராவுக்குக் குளிர் ஜுரம்.'

சாப்பாட்டு மேசையில் அவர் வாசிக்க வாசிக்க மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் பார்வைக்கு நான் பட்ட பாடு, மாப்பிள்ளை! நீங்க ஒருத்தர்தான் புரிஞ்சுக்கிட்டீங்க."

உற்சாகமாகக் குளிர் ஜுரத்துக்கு வந்தார் விமர்சகர். மாமனார் தட்டிலிருந்து கையை எடுத்தார். மனைவி மேசைக்கடியில் கணவர் காலை மிதித்தாள்.

"கேமரா அப்பா."

"போட்டோ ஸ்டூடியோ வெச்சிருந்தார்னுதானே சொன்னே?"

"இந்தப் படம் வந்ததுக்கு அப்புறம் வெச்சது."

"நடுக்கம் ஒரு உத்தி, மாமா," என்றார் விமர்சகர் அவசரமாக. "பாக்கிறவனுக்கே உடம்பு நடுங்குது பாருங்க. பலத்துல சேத்துடறேன். உண்மையான கோளாறு கதையிலதான் இருக்கு. பாதிப் படம் வரைக்கும் அண்ணன் தம்பி சொத்துத் தகராறு. பேய் வரப் போற அறிகுறியே இல்லை. திடீர்னு ஒருத்தி குறுக்கே போறா, அதுலேர்ந்து எல்லாரும் பேய் பேய்னு அலறறாங்க. எவனோ தூக்கக் கலக்கத்துல எழுதியிருக்கான்."

"எழுதினது எங்கண்ணன்," என்றார் மாமியார். அவர் கண் இப்போது சுத்தமாகக் காய்ந்திருந்தது.

மனைவி இன்னொரு காலையும் மிதித்தாள். கட்டுரையில் திட்டுவதற்குச் சொந்தக்காரர் அல்லாதவர் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று விமர்சகர் யோசித்தார்.

மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மச்சானைக் குத்தம் சொல்லாதீங்க, மாப்பிள்ளை. அவர் எழுதினது குடும்பப் படம்தான். அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுவந்த இவ, கேமரா ஓடுறது தெரியாம குறுக்கே நடந்துட்டா, திரும்ப எடுக்க எங்ககிட்ட பிலிம் இல்லை."