தடை செய்யப்பட்ட சொற்கள், பத்தாம் தொகுதி

ஒருவாய்புரி என்றொரு நாடு இருந்தது. கடல், கரிசல், மலையடிவாரம், தலைநகர் என்று நான்கு சீமைகள், நான்குக்கும் நான்கு பேச்சு. அந்நாட்டு மன்னருக்கு ஒரு மனக்குறை. குடிகள் வாயைத் திறந்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடுகிறது. அவர் வாயைத் திறந்தால் மட்டும் எந்த ஊர் என்று யாருக்கும் பிடிபடுவதில்லை. மன்னர் பேச்சு அப்படித்தான் இருக்க வேண்டும் என்றும், குடிகள் பேச்சில்தான் கோளாறு என்றும் அவை ஒருமனதாகத் தீர்மானித்தது.

பாண்டிமீனா அந்நாட்டு அரசுப் பேருந்தில் நடத்துநர். காலையில் கடலோரத்தில் கிளம்பும் அவள் வண்டி பொழுது சாயும்போது மலையடிவாரம் போய்ச் சேரும். உள்ளே தள்ளி நிற்கச் சொல்வதற்குக் கடலோரத்தில் 'அங்கன', கரிசலில் 'அங்கிட்டு', தலைநகரில் 'அந்தாண்ட', மலையடியில் 'அக்கட்ட' என்றால்தான் கூட்டம் அசையும். நாளுக்கு ஒரு சொல்லாகக் கேட்டதை, சொன்னவர் பெயரும் ஊரும் சேர்த்து, 'படிக்கட்டு' என்ற தன் வலைப்பூவில் பதினோரு வருடமாக எழுதி வந்தாள். அதைப் பார்த்து உப்பளத்து மாரிக்கனி எழுதினாள், ஆடு மேய்ப்பவர்கள் எழுதினார்கள், செருப்புத் தைப்பவர்கள் எழுதினார்கள். அவரவர் வாயில் வருகிற மாதிரியே எழுதினார்கள். தங்கள் பேச்சை எழுத்தில் பார்ப்பதில் ஜனங்களுக்கு அவ்வளவு பெருமை.

மொழி ஒழுங்கு அமைச்சர் செந்நாவரசருக்கு இது பொறுக்கவில்லை. இனி வலைப்பூவானாலும் வாய்ப்பேச்சானாலும் அரண்மனை மொழியே என்று ஆணை பிறந்தது. பாண்டிமீனா மறுநாள் பேருந்தில் ஆணைப்படி, "அவ்விடம் நகர்க" என்று அறிவித்தாள். ஒருவரும் அசையவில்லை. நகர்க என்று புதிதாக ஒரு நிறுத்தம் வந்திருப்பதாக நினைத்து நாலு பேர் அதற்குச் சீட்டு கேட்டார்கள்.

அடுத்த ஆணை ஆஸ்பத்திரிக்குப் போயிற்று: அரண்மனை மொழிப் பட்டியலில் உள்ள பெயரால்தான் நோயைச் சொல்ல வேண்டும். நெஞ்சு காந்துகிறது என்று வந்த சம்சாரி ஒருவரை, பட்டியலில் அப்படி ஒரு நோய் இல்லை என்று குமாஸ்தா திருப்பி அனுப்பினார். நோய்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிட்டதாக அமைச்சர் அவையில் அறிவித்தார். மேசையைத் தட்டினார்கள்.

மூன்றாவது ஆணை வலைப்பூக்களையே அழித்து, அவற்றில் உள்ள சொற்களையும் தடை செய்யச் சொன்னது. மாதக் கடைசியோடு எல்லாம் போய்விடும். பதினோரு வருடத்து மனுஷர்களின் குரல். பாண்டிமீனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு சொல்லைத் தடை செய்ய வேண்டுமானால் அதன் பொருள், எடுத்துக்காட்டு, சொன்னவர் பெயர், ஊர் எல்லாம் அரசிதழில் வெளியாக வேண்டும். அமைச்சகத்தில் யாருக்கும் ஒன்றுக்கும் பொருள் தெரியவில்லை. ஆகவே பாண்டிமீனாவுக்கு ஓலை போயிற்று.

"அம்மையே, தடை செய்யத் தக்க சொற்களைத் தாங்களே தொகுத்தளிக்க வேண்டுமென்பது அரசின் கனிவான கட்டளை," என்றார் அமைச்சர், ஓலையோடு வந்து நின்றவளிடம்.

அவள் சற்று யோசித்தாள். "எம்புட்டு வேணும்?"

"அனைத்தும்."

"அம்புட்டையும் அச்சுல போடுவீகளா?"

"ஊர்தோறும் இலவசமாக வழங்கப்படும். எவரும் தவறியும் உச்சரித்துவிடாதிருக்க, வாரந்தோறும் உரக்க வாசிக்கவும் படும்."

பாண்டிமீனா அன்றைக்கே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தொகுக்க உட்கார்ந்தாள். செய்தி பரவியதும் வலைப்பதிவர்கள் காறித் துப்பினார்கள். மாரிக்கனி போனிலேயே அழுதாள்.

"எங்க வாயில கெடந்தத அவன் கையில கொண்டு குடுத்துட்டியே, யக்கா."

"பொறு, மாரிக்கனி. வரட்டும், பாரு," என்றாள் பாண்டிமீனா. அவளுக்குமே முழு நம்பிக்கை இருந்ததா என்றால், இல்லை.

மாதக் கடைசியில் வலைப்பூக்கள் அழிந்தன. மறுவாரம் அரசிதழ் வந்தது. ஒன்பது தொகுதி, தடித்த அட்டை, ஒவ்வொன்றிலும் மன்னர் படம். ஊர்ப்பொதுவில் அதிகாரிகள் விறைப்பாக நின்று வாசித்தார்கள். தன் சொல்லும் தன் பெயரும் வந்த இடத்தில் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கடலோரத்துச் சொல்லைக் கேட்டு மலைக்காரன் சிரித்தான், பிறகு அதையே வீட்டில் போய்ச் சொல்லிப் பார்த்தான். வாசிக்கும் நாளில் பலகாரக் கடை போடுமளவுக்குக் கூட்டம். கரிசலில் ஓர் ஊர், எல்லையில் பலகையே வைத்துவிட்டது: 'நூற்று நாற்பது தடை செய்யப்பட்ட சொற்களின் ஊர் உங்களை வரவேற்கிறது.'

பிறகு மனுக்கள் வந்து குவிந்தன. எங்கள் ஊர் விடுபட்டுவிட்டது, எங்கள் சொற்களையும் உடனே தடை செய்து உதவுங்கள் என்று நான்கு சீமையும் கேட்டது. முதல் மனு மாரிக்கனியுடையது. உப்பளத்துச் சொற்கள் முப்பத்தொன்றை எழுதி, அடியில், 'யக்கா, கோவிச்சுக்கிடாத' என்று போட்டிருந்தாள். பாண்டிமீனா அதைப் படித்துவிட்டு வாய்விட்டு அழுதாள். இவ்வளவு பெரிய ஜனத்தோடு தான் பிறந்திருக்கிறோமே என்று இருந்தது அவளுக்கு.

பத்தாம் தொகுதிக்கான வேலை நடக்கையில் ஒருநாள் அமைச்சர், அமைச்சகத்தில் அவளுக்கு ஒதுக்கியிருந்த அறைக்குள் வந்தார். கதவைச் சாத்தினார். ஒன்பதாம் தொகுதியை மேசைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். பேச வாயெடுத்தபோது அரண்மனை மொழி வரவில்லை, மலையடிவாரப் பேச்சுதான் வந்தது.

"அம்மணி, ஒம்போதையும் பொரட்டிப் பாத்துப்போட்டனுங். எங்கூட்டுச் சொல்லு ஒண்ணு உட்டுப்போச்சுங்."

என்ன சொல் என்று கேட்டாள்.

"பொடக்காளி."

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொல்லை அது. பேருந்தில் யாரும் கொல்லையைப் பற்றிப் பேசுவதில்லை, அதனால் அவளிடம் சேராமல் போய்விட்டது. அமைச்சர் முப்பது வருடமாக அதை வாயால் சொன்னதில்லையாம்.

"அதையுஞ் சேத்துத் தடை பண்ணிப்போடோணுமுங்."

சட்டப்படி எடுத்துக்காட்டும் ஊரும் வேண்டும் என்றாள் பாண்டிமீனா. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பத்தாம் தொகுதியில், மன்னர் படத்துக்கு அடுத்த பக்கத்தில், அந்தப் பதிவு இருக்கிறது.

பொடக்காளி: வீட்டின் கொல்லைப்புறம். எ.கா.: 'பொடக்காளியில நின்னு எங்கம்மா என்னையக் கூப்புடறா.' சொன்னவர்: சின்னான், சங்கம்பாளையம். தற்போது மொழி ஒழுங்கு அமைச்சர்.