கம்பெனி வக்கீல் காகிதம் நீட்டிய கதை

நெய்வேலி,
12-7-1963.

அருமை மருமகள் விஜயகுமாரிக்கு, மாமன் சங்கரலிங்கம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும், எங்கள் பிளாக்கில் படியும் கரித்தூளும் சுகம். அங்கே உன் சுகத்துக்கும், என் மேல் உனக்குள்ள கோபத்தின் சுகத்துக்கும் எழுதவும்.

“கை விளங்காமல் போனவனை எதிர்த்துக் கம்பெனிக்காக வாதாடுகிற மாமாவோடு எனக்குப் பேச்சில்லை” என்று கார்டில் எழுதிவிட்டாய். தபால்காரர் ராயப்பன் அதைப் படித்துவிட்டு எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். ஆகையால் யாருமே நம்பமாட்டாத ஒரு கதையைச் சத்தியம் பண்ணிச் சொல்கிறேன், கேள்.

பாவாடை என்பவன் சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஆள், மின்சாரக் கம்பெனிக்குக் கம்பம் நட்ட கூலி, அறுந்து கிடந்த கம்பியைத் தொட்டு வலது கை செத்துப்போக, நஷ்ட ஈட்டுக்குக் கேஸ் போட்டான். கேட் காவல் வேலை கொடுத்தால் கேஸையே விட்டுவிடுகிறேன் என்றான். மேனேஜர் பன்னீர்செல்வமோ “நடிக்கிறான் சார், அந்த நடிப்பை உடைச்சுக் காட்டுங்க” என்றார். நான் கோர்ட்டில் எழுந்து கர்ஜித்தேன் பார், கடலூர்க் காக்காய்கள் அத்தனையும் புதுச்சேரிக்குக் குடிபோய்விட்டன. என் யுக்தி இதுதான்: பெரியவர்களிடம் இடது கையால் வாங்க நம் ஜனங்களுக்குக் கூச்சம், பாதிக் கேள்வியில் அவன் பழைய கேட் பாஸைச் சட்டென்று நீட்டினால் நடிக்கிறவனுக்கு நடிப்பு மறந்து வலது கை தானாக வந்துவிடும். நீட்டினேன். வந்தது! ஆனால் இடது கை அதை மணிக்கட்டில் பிடித்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தது. விரல் மூடவில்லை. காகிதம் விழுந்தது.

“இடது கையாலேயே வாங்கேன்யா!” என்றேன்.

“உங்ககிட்ட பீச்சாங்கையில எப்பிடிங்க வாங்கறது? செத்த இருங்க, புடிச்சிடறன்.”

மறுபடி நீட்டினேன், மறுபடி விழுந்தது. பின்னாலிருந்து அவன் பெண்சாதி செல்லக்கிளி சத்தம் போட்டாள்: “அதான் வரலன்னு தெரியுதில்ல, இன்னும் நீட்டிக்கினே இருக்கீங்களே! மடியில சொருவி வுடுங்க!”

நான் உட்கார்ந்துவிட்டேன். ஜட்ஜ் அழுத கண்ணீரில் கேஸ் கட்டுகள் மிதந்தன. வெளியே வந்ததும் மேனேஜர், “நீங்க யாருக்கு சார் வக்கீல்?” என்றார். “உங்களுக்குத்தான். அந்தக் கை இன்னொரு தரம் எழுந்தால் ஜட்ஜ் உங்கள் கம்பெனியையே அவனுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார், ராஜியாகப் போங்கள்” என்றேன். மனுஷன் என்னைக் கட்டிக்கொண்டு அழுது, பாவாடைக்கு அங்கேயே பர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸ், ஏறிப்போக ஒரு யானை எல்லாம் கொடுத்தார்.

அத்தை தலையைத் தடவியதாகச் சொல்லச் சொன்னாள். நூறு வயசிருந்து என்னோடு சண்டை போடு.

இப்படிக்கு,
மாமன் சங்கரலிங்கம்

பி.கு.: கர்ஜிக்கவில்லை அம்மா, தொண்டை கட்டியிருந்தது. ஜட்ஜ் அழவில்லை, வாய்தா போட்டார். மேனேஜர் கட்டிக்கொள்ளவில்லை, நான் நாலு நாள் கெஞ்சியதில் பாவாடைக்கு ஆறு மாசக் கான்ட்ராக்ட் காவல் வேலை கொடுத்துவிட்டு, என் வசமிருந்த கம்பெனிக் கேஸ் கட்டுகளை எல்லாம் திருப்பி வாங்கிக்கொண்டார். அந்த வலது கையை இடது கை தூக்கி வந்ததே, அந்தச் சின்ன பாகம் மட்டும் நான் சொன்னபடியே நிஜம்.