ஐயையோ சார் மெஷின் வாங்கிய கதை

சென்னையில் போன் அடித்தால் 'ஹலோ' சொல்லாமல் 'ஐயையோ' என்று எடுக்கிற ஒரே மனிதர் எங்கள் முதலாளிதான். அதனால் மந்தைவெளி முழுக்க அவர் ஐயையோ சார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

தி.நகர் கடைகளுக்கு நகைப்பெட்டியும் ஸ்வீட் பாக்ஸும் செய்து கொடுக்கிற பட்டறை அவருடையது. அட்டையைக் கத்தியால் வெட்டுகிறவர்கள் நான், பிலோமினா அக்கா, ஆதம்பாக்கத்திலிருந்து வருகிற குமார். போன வருஷம் ஒருநாள், கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் தானே வெட்டித் தள்ளுகிற மேசை மெஷின் வாங்கப்போவதாக அறிவித்தார். அன்றிலிருந்து அவருக்கு விலைக் கவலை, எங்களுக்கு வேலைக் கவலை.

இடம் போதுமா என்று பார்க்கத் தரையில் சாக்பீஸால் மெஷின் அளவுக்குக் கட்டம் போட்டார். போட்டதோடு விட்டாரா? "யோவ், மெஷின் மேல கால வெக்காத!" என்று கத்துவார். நாங்கள் சுவரை ஒட்டி நண்டு மாதிரி நடந்தோம். ஆயுத பூஜைக்கு அந்தக் கோட்டுக்கே சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். மறுநாள் பிலோமினா அக்கா தரையைக் கழுவிவிட, "ஐயையோ, மெஷின் போச்சே!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து மாவு மில்காரர் ஓடி வந்துவிட்டார்.

ஒருவழியாக விற்பனைக்காரர் வந்தார்.

"டேபிள் பெருசானா வெல ஏறும் சார்."

"ஐயையோ. சின்னது இன்னா வெல?"

"அதுல உங்க அட்டை கொள்ளாது. அட்டை நகராம இழுத்துப் புடிக்கிற பம்ப்பு தனி. மடிப்புக் கோடு போடறதுக்குத் தனி. அச்சடிச்சதைப் பாத்து வெட்டணும்னா கேமரா. சாஃப்ட்வேர், இறக்குமதி வரி, லாரி வாடகை..."

"கத்தியாவது குடுப்பியா, நான்தான் எட்த்தாரணுமா?"

"மொத கத்தி குடுப்போம் சார். தேயத் தேய நீங்க வாங்கிக்கணும்."

ஐயையோ சார் ஒரு சொம்புத் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார்.

"இன்னொண்ணு சார். அட்டையை அதுவே எடுத்து வெச்சுக்கிற அமைப்பையும் போட்டுட்டா இந்த மூணு பேரே வேணாம். சம்பளத்துலயே மெஷின் காசை எடுத்துடலாம்."

எங்கள் கத்திகள் நின்றன. குமாருக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஐயையோ சார் எங்களைப் பார்த்தார்.

"அத்த லிஸ்ட்லேந்து அடிச்சுடு. எட்த்து வெக்க ஆளுங்க கீறாங்க. மெஷின் ஓட்ட எத்தினி பேருக்குக் கத்துக் குடுப்ப?"

"ஒருத்தருக்கு வெலைல அடக்கம். மேல போனா ஆளுக்குத் தனிக் காசு."

"மூணு பேருக்கும் போடு. ஒருத்தருக்கு ஜொரம் வந்தா? ரெண்டாவது ஆளுக்கும் ஒட்டிக்கினா? போடுய்யா!"

மத்தியானம் நாங்கள் நன்றாகச் சாப்பிட்டோம். மெஷினுக்குக் கட்டவேண்டிய தவணையை நினைத்து அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. பிலோமினா அக்கா தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு வறுத்த மீனை அவர் தட்டில் வைத்து, "சாப்புடுங்க சார்" என்று அதட்டினார்.

"முள்ளு மாட்டிக்கினா?" என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். இந்த மனுஷனை எப்படிப் பிடிக்காமல் போகும்?