குறை சொல்ல முடியாத கார்

கணேஷ்ராம் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். ஜில்லென்று இருந்தது.

"எப்படி மாப்ள?" என்று பின்னாலிருந்து மாமனார் சிவசண்முகம் கேட்டார்.

"குளுந்துதான் இருக்கு மாமா" என்றான், ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசுகிற குரலில்.

பழைய டீசல் வண்டி வாங்கப் போகிறவர்கள் காலையிலேயே போய் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், ஆறிய எஞ்சின் லேசில் ஸ்டார்ட் ஆகாது என்பதால் ஆள் வருவதற்கு முன்பே யாரோ அதை ஓடவிட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதைக் கணேஷ்ராம் வண்ணார்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப் பக்கத்து டீக்கடையில் காதில் வாங்கியிருந்தான். அப்படிக் காதில் வாங்கிய ஞானத்தை வைத்தே இந்த வருஷம் மூன்று கார்களை வேண்டாமென்று தள்ளிவிட்டான். ஒன்றில் பானெட் சூடு. ஒன்றில் கறுப்புப் புகை. மூன்றாவதில் காலடி விரிப்பைத் தூக்கினால் தரையெல்லாம் துரு. "எங்க மாப்பிள்ளை கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது. கூட்டுறவுத் துறையில ஆடிட்டர்லா" என்று மாமனார் டவுன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

உண்மை வேறு. கணேஷ்ராமுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

தெரியும் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னவர் கல்யாணத் தரகர். "பையனுக்குக் காரே ஓட்டத் தெரியும்" என்று அவர் பெண் வீட்டில் அடித்துவிட்டது நிச்சயதாம்பூலத்தன்றுதான் கணேஷ்ராம் காதுக்கு வந்தது. பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டே அதை மறுக்க அவனுக்கு வாய் வரவில்லை. அப்புறம் நாலு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டு வீட்டிலும் கார் இல்லை என்பதுதான் காரணம்.

போன தை மாதம் மாமனாருக்குத் திடீரென்று ஆசை வந்தது. ஒரு கார் வாங்குவது, மாப்பிள்ளை ஓட்டுவது, மகளும் தாமும் பின்னால் உட்கார்ந்து திருச்செந்தூர் போய் வருவது. "காருக்குப் பதிலா உன் வீணைக்குக் கம்பி மாத்திருவோமே" என்று கணேஷ்ராம் மனைவி சுகிர்தாவிடம் சொல்லிப் பார்த்தான். சீரோடு வந்த வீணை கம்பி அறுந்து, உறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. "வீணைக்கு என்ன அவசரம், மொதல்ல காரு" என்று அவள் பேச்சை முடித்துவிட்டாள். மூன்று வண்டியும் ஓட்டிப் பார்க்கிற கட்டத்துக்கு வராமல் அவனைக் காப்பாற்றின. மாமனார் முன்னால் அவமானப்படுவதைவிட ஊர்க் கார்களையெல்லாம் அவமானப்படுத்துவது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

ஆனால் தச்சநல்லூரில் இந்த வீட்டுக் கொட்டகையில், சுவரைப் பார்த்து நின்ற சிவப்புக் கார் அவன் குடியைக் கெடுத்துவிடும் போலிருந்தது. சின்ன உடம்பு, பின்பக்கம் தூக்கித் திறக்கிற கதவு, உள்ளே முரட்டு டீசல் எஞ்சின். கிளம்பினால் பறக்கும் என்று பேர். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

வண்டியை விற்கிறவர் காந்திமதிநாதன், ஓய்வுபெற்ற தாசில்தார். அரசாங்க ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்தே பழகிய ஆள் என்று நிற்கிற தோரணையே சொல்லியது. "மகன் மெட்ராஸ்ல வாங்கி, அவனே ஓட்டிட்டு வந்து எனக்கு விட்டுட்டுப் போனான். இப்பம் சிங்கப்பூர்ல இருக்கான். வீட்டுல நாங்க ரெண்டே பேரு. எங்களுக்கு எதுக்குக் காரு?"

"இவிய வந்து..." என்று நிலைப்படியில் நின்ற அவர் மனைவி பிரம்மநாயகி கணவரைக் காட்டி ஏதோ ஆரம்பித்தார்.

"நீ போயி காப்பியப் போடு."

பிரம்மநாயகி உள்ளே போனார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க அண்ணாச்சி" என்றான் கணேஷ்ராம். கடைசி நம்பிக்கை அதுதான்.

காந்திமதிநாதன் உள்ளே உட்காரக்கூட இல்லை. கதவைத் திறந்து கையை மட்டும் விட்டுச் சாவியைத் திருப்பினார். சூடேறுவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு அணையும்வரை பொறுத்து இன்னொரு திருப்பு. எஞ்சின் ஒரே முக்கலில் பிடித்துக்கொண்டது. புகைக்குழாயில் ஒரு கொத்துப் புகை வந்து, அதுவும் வந்தது தப்பு என்பதுபோல் மறைந்தது. கணேஷ்ராம் குழாய் வாயில் கைக்குட்டையைப் பிடித்தான். ஒரு சொட்டு எண்ணெய் தெறிக்கவில்லை. ஓடுகிற எஞ்சினில் எண்ணெய் மூடியைத் திறந்தான். பிஸ்டன் தேய்ந்த வண்டி என்றால் அங்கே குபுகுபுவென்று புகை கக்கும். இது மூச்சே விடவில்லை.

விரிப்பைத் தூக்கினான். துரு இல்லை, சீட்டில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கழற்றவில்லை. டயரைத் தடவினான். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகள் அப்படியே இருந்தன.

"டயர் மாத்துனதா அண்ணாச்சி?"

"இல்ல, வண்டியோட வந்ததுதான்."

பின் சக்கரங்களுக்கு அடியில் பழைய அம்மிக்கல் ஒன்றும் ஆட்டுக்கல் ஒன்றும் முட்டுக் கொடுத்திருந்தன. கொட்டகையிலிருந்து தெருவரை தரை நல்ல சரிவு. கணேஷ்ராமுக்கு உயிர் வந்தது. "கைப்பிரேக் பிடிக்காதோ?"

"அது ஜம்முன்னு பிடிக்கும். கல்லு சும்மா ஒரு இதுக்கு."

"எதுத்தாப்புல மணல் குமிச்சிருக்கே, வீடு கட்டுதியளா?" என்று சிவசண்முகம் பேச்சுக்குக் கேட்டார். தெருவின் அந்தப் பக்கம் ஒரு ஆள் உயரத்துக்கு மணல் கிடந்தது.

"எப்பமாவது கட்டலாம்னு போட்டது" என்றார் காந்திமதிநாதன், அந்தப் பக்கம் பார்க்காமல்.

சுகிர்தா பின் சீட்டைத் தட்டிப் பார்த்தாள். "அத்தான், இதை விட்டா இப்படி வேற கிடைக்காது. ஓட்டிப் பாத்துருங்க."

கணேஷ்ராம் ஆடிட்டர் மூளையைக் கசக்கினான். கணக்கில் தப்பே இல்லை என்றால் அதுவே பெரிய தப்பு என்பது அவன் தொழில் பாடம். மீட்டரைப் பார்த்தான். மாமனாரைத் தனியே அழைத்துக் கிசுகிசுத்தான். "அறுநூத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான் காட்டுது மாமா. ரெண்டு வருஷ வண்டி. மீட்டரைத் திருப்பி வச்சிருக்காவ."

ஆடிட்டர்கள் கிசுகிசுத்தாலும் நாலு பேருக்குக் கேட்கும். காந்திமதிநாதன் முகம் கார் நிறத்துக்கு வந்தது.

"நான் ராதாபுரத்துல தாசில்தாரா இருந்தவன். ஒருத்தன்கிட்ட ஒரு நுங்கு சும்மா வாங்கித் தின்னதில்ல. என்னையவா சொல்லுதிய?"

சிவசண்முகம் ஆடிப்போய்விட்டார். "மனசுல வச்சுக்கிடாதிய. மாப்பிள்ளை ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டாவ. வண்டிய நாங்களே எடுத்துக்கிடுதோம், நீங்க வேற யாருக்கும் சொல்லாண்டாம்." பிறகு கணேஷ்ராம் பக்கம் திரும்பி, "ஓட்டிப் பாத்து இப்பமே முடிச்சிருவோம் மாப்ள" என்றார். குறை சொல்லப் போய் வண்டி வாங்கியே தீரவேண்டும் என்றாகிவிட்டது.

கணேஷ்ராம் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மணி ஒம்பது ஆவப் போகுதே மாமா. சனிக்கிழமை ராகுகாலம்லா."

"அது ரொம்பச் சரி" என்று காந்திமதிநாதன் முந்திக்கொண்டார். சற்றுமுன் சிவந்திருந்த முகத்தில் இப்போது அப்படி ஒரு தெளிச்சி. "ராகுகாலத்துல வண்டிய அசைக்கவே கூடாது. எல்லாரும் உள்ள வாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க."

இடியாப்பமும் சொதியும் வந்தன. சாப்பிடும்போது சிவசண்முகம் சும்மா இருக்காமல் சொந்தபந்தம் விசாரித்தார். மூன்றாவது இடியாப்பத்தில் பிரம்மநாயகி தம்முடைய சித்தப்பா மருமகளுக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று கண்டுபிடித்தார். "அப்பம் நாம சொந்தக்காரங்கல்லாவே" என்று காந்திமதிநாதனின் தோளில் தட்டினார். சொதியையும் தின்று, சொந்தமும் ஆன பிறகு வண்டி வேண்டாம் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? கணேஷ்ராம் இஞ்சிப் பச்சடியை இலை ஓரத்துக்கு ஒதுக்கினான்.

"இவிய வண்டிய..." என்று பிரம்மநாயகி மறுபடி ஆரம்பித்தார்.

"சொதி இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார் காந்திமதிநாதன்.

ராகுகாலம் யாருக்காகவும் நிற்காமல் கழிந்தது. எல்லோரும் கொட்டகைக்கு வந்தார்கள். சாவி காந்திமதிநாதன் கையில் இருந்தது. கணேஷ்ராமுக்கு அப்போதுதான் நல்ல யோசனை ஒன்று வந்தது.

"நீங்களே ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க அண்ணாச்சி. உங்க கைக்குப் பழகின வண்டி."

"சேச்சே. வாங்குதவிய ஓட்டிப் பாக்கதுதான் முறை."

"பெரியவங்க நீங்க இருக்கையில நான் ஸ்டியரிங்கைத் தொடலாமா?"

"வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைய வச்சுக்கிட்டு நான் தொட்டா மரியாதையா இருக்குமா?"

சாவி இவர் கையிலிருந்து அவன் கைக்கும், அவன் கையிலிருந்து இவர் கைக்கும், வெற்றிலைத் தட்டு மாதிரி போய் வந்தது. சிவசண்முகத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி மரியாதை தெரிந்த இரண்டு பேரை ஒரே இடத்தில் அவர் பார்த்ததில்லை.

"எனக்குக் கையில சுளுக்கு" என்றார் காந்திமதிநாதன் கடைசியில்.

"எனக்குக் கால்ல" என்றான் கணேஷ்ராம்.

"அப்பம் கால் நல்லா இருக்கவரு மிதிக்கட்டும், கை நல்லா இருக்கவரு திருப்பட்டும்" என்றார் சிவசண்முகம். அவர் பொறுமையும் தீர்ந்திருந்தது.

"காலையில மாடிப்படிய ரெண்டு ரெண்டாத் தாவி இறங்குனிய, அதுக்குள்ள என்ன சுளுக்கு?" என்று சுகிர்தா கேட்டாள். அவள் பார்த்த பார்வையில் கணேஷ்ராம் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டான். பக்கத்தில் காந்திமதிநாதன் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அம்மிக்கல்லையும் ஆட்டுக்கல்லையும் மாமனாரே உருட்டி ஓரம் தள்ளிவிட்டு, மகளோடு பின்னால் ஏறினார்.

கிளட்ச், பிரேக், ஆக்ஸிலேட்டர். டீக்கடையில் ஒரு டிரைவர் மூன்று டம்ளரை வரிசையாக வைத்து இதையெல்லாம் விளக்கியிருந்தார். கணேஷ்ராம் அப்போது மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தான். அதனால் அவன் மனசில் கிளட்ச் வலது ஓரத்தில் பதிந்திருந்தது. சாவியைத் திருப்பினான். எஞ்சின் பிடித்தது. கைப்பிரேக்கை விடுவித்தான். கிளட்ச் என்று நினைத்து வலது ஓரத்து ஆக்ஸிலேட்டரை முழுப் பலத்தோடு மிதித்தான்.

வண்டி விமானம் கிளம்புகிற மாதிரி அலறியது. அலறிக்கொண்டே, கியர் எதிலும் விழாமல், சரிவில் பையப் பைய பின்னால் உருண்டது. சத்தத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. கணேஷ்ராம் பயத்தில் இன்னும் அழுத்தினான். இன்னும் அலறியது. கொட்டகை போயிற்று, வாசல் போயிற்று, தெருவில் நின்ற ஆடு ஒன்று அவசரமில்லாமல் விலகிக்கொண்டது. "நெல்லையப்பா" என்று காந்திமதிநாதன் முணுமுணுத்தார். பின் சீட்டில் மாமனார் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் மகளின் ஜடையைப் பிடித்துக்கொண்டார்.

பொத்தென்று மணலில் முட்டி வண்டி நின்றது. காந்திமதிநாதன் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிச் சாவியை அணைத்தார்.

யாருக்கும் அடியில்லை. வண்டிக்கும் கீறல் இல்லை, மணல் மெத்தை மாதிரி வாங்கிக்கொண்டது. எல்லோரும் இறங்கி நின்றார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை.

"மாமா, எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. தரகர் சொன்னது பொய். இத்தனை நாளா அதைச் சொல்லத்தான் எனக்குத் தைரியம் இல்ல."

சொல்லி முடித்ததும் அவனுக்கு நெஞ்சிலிருந்து அந்த அம்மிக்கல்லையே யாரோ உருட்டிவிட்டது போலிருந்தது. திட்டட்டும், மகளைக் கூட்டிக்கொண்டு போகட்டும், இனிமேல் எந்த வண்டியின் பானெட்டையும் தொட வேண்டாம். தலை குனிந்து நின்றான்.

சிவசண்முகம் திட்டவில்லை. இருமினார். வானத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

சுகிர்தா அவிழ்ந்த ஜடையை முடிந்துகொண்டாள். "விடுங்க அத்தான். எனக்கு வீணை வாசிக்கத் தெரியும்னு உங்க வீட்டுல சொன்னதும் அதே தரகர்தான்."

கணேஷ்ராமுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மணலில் உட்கார்ந்து சிரித்தான். "அப்பம் அந்தக் கம்பி?"

"அது நானேதான் அறுத்துவிட்டேன்."

மாமனாரும் சிரித்துவிட்டார். திருச்செந்தூருக்கு பஸ் இருக்கிறது, போய்க்கொள்ளலாம் என்றார். நாலு வருஷம் கழித்து அன்றுதான் கணேஷ்ராமுக்குத் தன் மாமனாரைப் பிடித்துப் போயிற்று.

காந்திமதிநாதன்தான் கோபப்பட வேண்டியவர். ஆனால் அவர் கணேஷ்ராமின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். சுளுக்கிய கை என்பது அவருக்கே மறந்துவிட்டது. கண் கலங்கியிருந்தது. என்ன மனுஷன், வண்டியை மணலில் முட்டின ஆளிடம் இவ்வளவு அன்பா என்று கணேஷ்ராம் உருகிப்போனான். அப்போது பிரம்மநாயகி காப்பித் தட்டோடு தெருவைத் தாண்டி வந்தார். இந்தத் தடவை அவரை உள்ளே அனுப்ப அங்கே வீடு இல்லை.

"நல்லவேளை, அன்னைக்குக் கொட்டின மணலை அள்ளாமப் போட்டு வச்சிருந்தோம்" என்று ஆளுக்கொரு டம்ளரைக் கொடுத்தபடி சொன்னார். "மகன் வண்டிய விட்டுட்டுப் போன மறுநாளு இவியளும் இதே மாதிரி அலறிக்கிட்டே பின்னால வந்து இங்கனதான் முட்டி நின்னாவ, அதுக்குப் பொறவு இன்னைக்குத்தான் வண்டி வாசலைத் தாண்டியிருக்கு."