உலகு கல்யாணத்துக்கு ரேடியோ செட்

தென்காசி,
28-6-1983

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு, கோமதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் வீடும் நலம். வீட்டையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம், நலம் சொல்ல இங்கே வேறு ஆள் இல்லை. பம்பாயில் நீங்களும் மதினியும் கல்யாணப் பெண் உலகுவும் சுகமாக இருப்பீர்கள்.

இங்கே ஊரில் நடக்கப்போகும் ஆவணிக் கல்யாணத்துக்கு ரேடியோ செட் பேசும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறீர்கள். தொழில்காரராகப் பார்க்க வேண்டும், ஆசைக்குச் செட்டு வைத்திருப்பவரிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள். சம்பந்தியின் மூத்த மருமகள் வீட்டார் வைத்த செட்டு, தாலி கட்டும்போது சோகப் பாட்டைப் போட்டதற்கு அந்தப் பெண் இன்றுவரை பேச்சு வாங்குகிறாளாமே. உலகுவுக்கு அந்தக் கதி வரக் கூடாது.

விசாரித்தால் எல்லாரும் தங்களைத் தொழில்காரர் என்றே சொல்கிறார்கள். அதனால் வேலையை நேரில் பார்ப்பதென்று, குற்றாலத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றே தெரியாமல் ஒரு மண்டபத்துக்குள் போனேன். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டாள் என்று நினைத்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாள் என்று நினைத்தார்கள், "என்னக்கா நிக்கிய, பந்திக்கு வாங்க" என்று இரண்டு பக்கமும் கையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு தடவை சாப்பிட்டேன். நம் வீட்டுக் கல்யாணங்களில் சாமான் வைக்கும் உக்கிராண அறைச் சாவியோடு உள்ளேயே உட்கார்ந்திருப்பவளை யாரும் இப்படி வருந்தி அழைத்ததில்லை. அது கிடக்கட்டும்.

அங்கே செட்டு தளவாய் என்பவருடையது. அவர் பாட்டையே கேட்கவில்லை. கண் முழுக்க ஐயர் கையில். கை உயர்ந்ததும் பல்லவி பாதியிலேயே ஊசியைத் தூக்கினார், கெட்டிமேளம் எழுந்தது. சாரல் விழுந்ததும் தார்ப்பாயை இழுத்து ஆம்ப்ளிஃபயரை மூடினார். நான் போய்க் கேட்டதற்கு, "எத்தன குழா ஸ்பீக்கர் கட்டணும்? கரண்டு உண்டுமா?" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மறுவாரம் குத்துக்கல்வலசையில் ஒரு கல்யாணம். அங்கும் அழைப்பில்லாமல்தான், பழகிவிட்டது. செட்டு வைத்தவர் நாறும்பூநாதன், தபால் ஆபீஸ் குமாஸ்தா, லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஐயர் கையைத் தூக்கித் தூக்கி வலித்துக் கீழே போட்டுவிட்டார். பெண்ணின் தாய்மாமா ஓடிவந்தார்.

"ஓய், பாட்ட நிப்பாட்டும்."

"ஒரு சரணந்தான் பாக்கி அண்ணாச்சி. பாதியில நிப்பாட்டுனா பாடுனவுகளுக்கு மரியாதயில்ல."

"அதுவர மாப்பிள்ள தாலியக் கையில வச்சிக்கிட்டு நிக்கணுமோ?"

"நல்ல சரணம். அவரும் கேக்கட்டுமே."

இதற்குள் சாரல் பிடித்துக்கொண்டது. மனிதர் சட்டையைக் கழற்றி இசைத்தட்டுப் பெட்டியை மூடினார். ஆம்ப்ளிஃபயர் நனைந்து, சீறி, அடங்கிய பிறகுதான் தாலி ஏறியது.

அவரிடமும் பேசினேன். நான் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று தபால் ஆபீஸில் பார்த்து அவருக்குத் தெரியும். எத்தனை குழாய் என்று கேட்கவில்லை. "டீச்சர், ஒங்களுக்கு என்ன பாட்டு பிடிக்கும்?" என்றார். என்னிடம் இதை யாரும் கேட்டு வெகுகாலமாகிறது, அண்ணன். எதுவானாலும் சரி என்றேன்.

"எதானாலும் சரின்னு ஒரு தட்டு எங்கிட்ட இல்லையே" என்றார்.

ஆக, அடையாளம் தெளிவாகிவிட்டது. தொழில்காரர் ஐயர் கையைப் பார்ப்பார், மற்றவர் தட்டைப் பார்ப்பார்; மழை வந்தால் யார் எதை மூடுகிறார் என்று பார்த்தால் போதும். தளவாயையே பேசிவிடுகிறேன். கவலை வேண்டாம்.

மதினிக்கு என் அன்பு. உலகுவுக்கு உலகம்மன் துணையிருப்பாள்.

தங்கள் தங்கை,
கோமதி

பின்குறிப்பு: எழுதி முடித்து, தபால்தலை வாங்கப் போனேன். நாறும்பூநாதன்தான் உட்கார்ந்திருந்தார். அன்று அவர் கேட்டாரே, எனக்குப் பிடித்த பாட்டு இப்போது நினைவு வந்துவிட்டது என்று பாட்டைச் சொன்னேன். பின்னால் வரிசை நிற்க, "அதுல ரெண்டாவது சரணம்லா சரணம்" என்றார். வெற்றிலை பாக்கு வைத்து அவரையே பேசிவிட்டேன். பயப்படாதீர்கள், முகூர்த்தம் முடியும்வரை அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஐயர் கையை நான் பார்த்துக்கொள்கிறேன். தார்ப்பாய் வாங்கியாயிற்று. உக்கிராண அறைச் சாவிக்குத்தான் இந்தத் தடவை வேறு ஆள் பார்க்க வேண்டும்.