படகை எரித்தவனுக்கு இடியப்பம்

“என்ட விளக்குமாறு எப்பிடி உன்ட கைக்கு வந்தது?”

முனாஸ் காக்காவுக்கு மூச்சு வாங்கியது. துறைமுகத்தடிப் பள்ளிவாசலைப் பன்னிரண்டு வருடமாகக் கூலியில்லாமல் கூட்டுகிறவர் அவர். ஒருவரும் அவருக்கு ஒரு வாய்த் தேத்தண்ணி கொடுத்ததில்லை.

“கோட்டால தந்த வேலை காக்கா,” என்றான் றம்ஸான். கோபத்தில் ஒருவருடைய படகை எரித்தவன் அவன். மறியலில் அடைப்பதற்குப் பதிலாக ஆறு மாதம் மேற்பார்வையின் கீழ் பள்ளிவாசலைக் கூட்ட வேண்டும் என்பது தீர்ப்பு.

“படகை எரிச்சவனுக்கு விளக்குமாறா தண்டனை?”

முனாஸ் அதைப் பறித்துத் தானே கூட்டத் தொடங்கினார். வேலை செய்யாவிட்டால் இவனை உள்ளே போடுவார்கள் என்பது அவர் எண்ணம்.

“காக்கா, வரவுத்தாளில ஒப்பம் வேணுமே...” றம்ஸான் தாளைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றான்.

அப்போது சித்தி பரீதா என்பவள் வந்தாள். தோப்பூரிலிருந்து பள்ளிக்கு முன்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள். இடியப்பத் தட்டை றம்ஸானிடம் நீட்டிவிட்டு, முனாஸை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு போனாள்.

முனாஸுக்கு வயிறு எரிந்தது. மறுநாள் நேரத்தோடு வந்து, தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்யும் தொட்டியையும் கழுவினார். இடியப்பத்தோடு றம்ஸானுக்குச் சொதியும் வந்தது. அடுத்த நாள் கக்கூசையும் கழுவினார். அன்று அவித்த முட்டை!

“பாதியை நீங்க தின்னுங்க காக்கா.”

“உன்ட எச்சில் எனக்கெதுக்கு?”

ஒரு மாதம் இப்படியே போனது. பகல் லுஹர் தொழுகைக்கு மட்டும் வரும் நிர்வாகிகள், “பொடியன் வந்த பிறகு பள்ளி மினுங்குது!” என்றார்கள்.

முனாஸ் கோட்டுக்கு மனு எழுதிவிட்டார். ‘படகை எரித்தவரை உடனே மறியலுக்கு அனுப்பவும்.’ முதல் ஒப்பத்துக்குச் சித்தி பரீதாவின் கதவைத்தான் தட்டினார்.

வாசித்தவளுக்குக் கண் கலங்கியது.

“ஏலாது தம்பி. பெரிய பிழைதான். ஆனா ஒரு மாசமா வேர்க்க வேர்க்க வேலை செய்யிறதைப் பார்க்கிறன். அல்லாஹ்வே மன்னிக்கிறான், நாங்க யாரு பூட்டி வைக்க?”

“அதுக்காக ராத்தா, நாள் தவறாம இடியப்பம் குடுக்கிறதா?”

“அது தாளோட மேற்பார்வைக்கு நிக்கிற ஓபிசர் தம்பிக்கு. உங்களோட கடுமையா நடக்கப்படாது எண்டுதான் குடுத்தனான். நீங்களே உங்கள மறியலுக்கு அனுப்பச் சொல்லி வந்து நிண்டா, நான் எப்பிடி ஒப்பம் வைக்கிறது?”