என் பெயர் எழுதிய ஆக்சிஜன் டப்பா

பொறாமை நம் சமவெளியில் மட்டும் விளைவது என்று நினைத்திருந்தேன். புல்கூட முளைக்காத லடாக் உச்சியிலும் அது தழைக்கிறது.

நான் குறைமாசத்தில் பிறந்தவன். அந்த ஒரே தகுதியை வைத்து இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன் (வீட்டில் ஒரு தண்ணீர்க் குடம் தூக்கியதில்லை). சகலை குடும்பத்தோடு லடாக் சுற்றுலா கிளம்புமுன் திண்டுக்கல்லில் பார்த்த டாக்டரும், "குறைமாசத்துல பிறந்தவங்க சிலருக்கு அம்புட்டு உயரத்துல இதயம் கூடுதலாச் சிரமப்படலாம். சும்மா உக்காந்திருந்தாத் தெரியாது. ஓடிக்கீடி வச்சிராதீங்க" என்றார். எனக்குப் பரம திருப்தி. ஆக்சிஜன் டப்பா ஒன்று வாங்கி, பெரிதாக என் பெயரை எழுதிக்கொண்டேன்.

கணவாயில் வண்டி நின்றது. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. எரியோட்டில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் என் சகலை, மாசம் நிறைந்து பிறந்த ஆஜானுபாகு, முகம் வெளிறிச் சரிந்தார். அவர் மனைவி முதுகைத் தடவினாள். என் மனைவி மல்லிகா என் மடியிலிருந்த டப்பாவைப் பிடுங்கி அவர் மூக்கில் வைத்தாள்.

"மெதுவா இழுங்க மச்சான்."

அது என் காற்று. நான் பிறந்த அன்றே எனக்கென்று ஒதுக்கப்பட்ட பரிவு.

நானும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தேன். மல்லிகா என் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை மாட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் நல்லாத்தேன் இருக்கு. நடிக்காம, அந்தா மேட்டுல இருக்க கடையில மச்சானுக்கு ஒரு டீ வாங்கிட்டு வாங்க."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மேட்டில் ஓடினேன். பாதிகூட ஏறவில்லை, நெஞ்சுக்குள் ஒரு தவில் கச்சேரியே இறங்கியது. மலைகள் மங்கின. பனியில் குப்புற விழுந்தேன்.

"ஒருக்கா நடிச்சாச்சுல்ல, எந்திரிங்க" என்று வண்டிக்குள்ளிருந்தே மல்லிகா சொன்னது காதில் விழுந்தது. பதில் சொல்ல மூச்சில்லை.

சகலைதான் தள்ளாடியபடி வந்து என்னைப் புரட்டினார். "ஏத்தா மல்லிகா, உதடு நீலம் பாஞ்சிருக்கு. நெசமாத்தேன் விழுந்திருக்காரு." மிச்சமிருந்த காற்றை என் மூக்கில் வைத்தார். அழுதுகொண்டே ஓடிவந்த மல்லிகா, கீழே இறங்கும்வரை என் கையை விடவில்லை (இன்னொரு கையால், டிரைவர் வாங்கிவந்த டீயை மச்சானுக்கு நீட்டினாள்).

அந்தக் காலி டப்பா இன்று சகலையின் மண்டியில், கல்லாவுக்கு மேலே. தேங்காய் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறார். நான் போனால், "வாங்க சகல, இன்னைக்கு நெசமா, நடிப்பா?"

என் பெயர் தெரியும்படிதான் திருப்பி வைத்திருக்கிறார்.